அறுபத்தொரு கிலோ

அந்த வேலைக்கு நான் எடுபட்டது என் நிறைக்காக. படிப்பையோ அனுபவத்தையோ யாரும் கேட்கவில்லை. 1992 செப்டம்பரில், லண்டனில் லூயிஷாமுக்குக் கிட்ட ஒரு வெளியில் அடித்திருந்த சர்க்கஸ் கூடாரத்தில் நான் சனம் இருக்கிற கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கயிறுகளுக்கெல்லாம் பொறுப்பான பியற்றிஸ் நொண்டி நொண்டி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சந்தையில் கோழி வாங்குகிறவர் மாதிரி இடுப்பில் பிடித்து ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, தராசில் ஏறச் சொன்னார். அறுபத்தொரு கிலோ. அந்த மனுசியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஊரில் எனக்குப் பெண் கேட்டுப் போன முதல் வீட்டில், மாப்பிள்ளை காற்றடித்தால் பறந்துவிடுவார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். லண்டனில் அதே உடம்பை ஒரு மாதமாகத் தேடியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அந்தக் குளிர்காலத்துக்கு ஒரு பாலே கம்பனியும் இந்தச் சர்க்கஸும் சேர்ந்து ஒரு ஆட்டம் போடுவதாக ஒப்பந்தம். யாருடைய தலையில் இந்த யோசனை உதித்ததோ, அவர் இரண்டு பக்கத்தோடும் ஒரு நாள் இருந்து பார்த்ததில்லை. பாலேக்காரருக்கு மரத்தூள் ஒத்துவராது, தும்முவார்கள். சர்க்கஸ்காரருக்கு எண்ணிக்கை ஒத்துவராது. பாலேயில் எட்டு வரைக்கும் எண்ணுவார்கள், பிறகு திரும்பவும் ஒன்று. அவர்களுடைய உலகத்தில் ஒன்பது என்று ஒரு இலக்கமே கிடையாது. சர்க்கஸில் ஆளை ஆள் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தால் பாய வேண்டியதுதான். முதல் இரண்டு கிழமையும், பதினாலு நாளும், கூடாரத்துக்குள் நடந்தது ஆட்டமில்லை, சண்டை.

நிலாவைத் தேடிப் போகிற ஒரு பெண்ணின் கதை. கடைசிக் காட்சியில் இசபெல் என்ற பாலேக்காரி கால் நுனியில் நின்றபடியே நிலத்தை விட்டுக் கிளம்பி, பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் நிலாவாகத் தொங்குகிற வெள்ளி வளையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பாலே பக்கம் மோட்டர் வைப்போம் என்றது. பியற்றிஸ் சம்மதிக்கவில்லை. மோட்டர் இழுத்தால் மூட்டை ஏறுகிற மாதிரி இருக்கும், ஒரு ஆள் அழகாக ஏற வேண்டுமென்றால் இன்னொரு ஆள் இறங்க வேண்டும் என்றார். அந்த இன்னொரு ஆள்தான் நான். நடுக்கம்பத்தின் ஏணியால் மேலே ஏறி, கப்பியில் ஓடுகிற கயிற்றின் மறுநுனியை என் இடுப்பு வாரில் கொளுவிக்கொண்டு, எட்டு என்றதும் வெறும் காற்றில் காலை வைப்பேன். நான் இரண்டு எட்டு, பதினாறு எண்ணிக்கையில் கீழே வர, அவள் அதே பதினாறில் மேலே போவாள். நிலத்தில் கால் பட்டதும் அங்கேயிருக்கும் இரும்பு வளையத்தில் என்னைக் கொளுவி, கயிற்றை இரண்டு தரம் இழுப்பேன். அதற்குப் பிறகுதான் அவள் தன்னுடைய கொளுக்கியைக் கழற்றலாம்.

இசபெல் நாற்பத்தொன்பது கிலோ. இடுப்பு வார் இரண்டு கிலோ. மணி தைத்த அந்த வெள்ளைப் பாவாடை மட்டும் நாலு கிலோ. மொத்தம் ஐம்பத்தைந்து. நான் அவளைவிட ஆறு கிலோ கூட. அந்த ஆறு கிலோதான் அவளைத் தூக்குகிறது. அது கூடினால் பிய்த்துக்கொண்டு போய்க் கப்பியில் மோதுவாள், குறைந்தால் பாதியில் தொங்குவாள். அதனால் ஒவ்வொரு நாளும் ஏணிக்குக் கீழே எங்கள் இரண்டு பேரையும் நிறுத்து, பலகையில் சோக்கால் எழுதுவார் பியற்றிஸ்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், நான் செய்த மடைத்தனம் விளங்க வேண்டும்.

என் மனைவி தவநாயகியும் ஏழு வயது மகள் கோதையும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் லண்டனுக்கு வந்து ஐந்து வருஷம். அவர்களைக் கூப்பிட எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது; நிலையான வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் மட்டும் வேண்டும். ஆட்டம் தொடங்கினால் ஆறு மாதம் ஊர் ஊராகப் போகும், தொடங்கினவுடன் கடிதம் தருகிறேன் என்று பியற்றிஸ் சொல்லியிருந்தார். அதை நம்பி நான் தவநாயகியை வெளிக்கிடச் சொன்னேன். அவளுடைய பதில் ஒக்டோபரில் வந்தது.

'தீபாவளி முடிய இருட்டோட வெளிக்கிடுறம். கிளாலியால வாறம். மற்றப் பக்கம் அண்ணை வந்து நிப்பார். வவுனியா போய்ச் சேர்ந்த உடன போன் எடுப்பம். நீங்கள் சாப்பிடாமல் கிடந்து யோசிக்காதேங்கோ.'

கிளாலி ஒரு கடல்நீரேரி. அந்த நாளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சனத்துக்கு மிஞ்சியிருந்த வழி அது. விளக்கில்லாத சின்னப் படகுகள், நிலவில்லாத இரவுகள். சில நாள் கடற்படையின் துப்பாக்கிச் சூடு விழும், சில நாள் படகு கவிழும். மற்ற நாட்களில் ஆட்கள் கரை சேர்ந்து, தேநீர் குடித்து, பஸ் ஏறி, போன் வேலை செய்கிற வவுனியாவுக்குப் போனார்கள். எனக்கு இந்தக் கடைசி வகை ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு அடுத்த நாள் கந்தசஷ்டி தொடங்குகிறது. நான் வாடகைக்கு இருந்தது சபாரத்தினம் அண்ணை வீட்டு மேல்மாடி அறையில். அவருடைய குசினித் தட்டிலிருந்த முருகன் படத்துக்கு முன்னால் நின்று ஒரே மூச்சில் நேர்ந்துவிட்டேன். கடும் விரதம். முதல் நாள் ஒரு மிளகு, ஒரு கை தண்ணீர். இரண்டாம் நாள் இரண்டு மிளகு, இரண்டு கை தண்ணீர். அவர்களுடைய குரலைப் போனில் கேட்கும் வரைக்கும் வேறொன்றும் வாயில் வைக்கமாட்டேன். ஊரில் பெண்டுகள் எவ்வளவோ பேர் பிடிக்கிற விரதம்தானே என்று நினைத்தேன். நிறைக்குச் சம்பளம் வாங்குகிறவன் நேருகிற நேர்த்தியா இது? செவ்வாய்க்கிழமை தராசில் ஏறியபோதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. முள் அறுபதில் நின்றது.

பியற்றிஸ் அதையும் சோக்கால் எழுதினார். அவருக்கு உண்மையைச் சொன்னால் அன்றைக்கே என் இடத்தில் மண்மூட்டையைக் கட்டிவிடுவார். வேலையில்லாதவனுக்கு வேலைக் கடிதம் யார் தருவது? விரதத்தை விட்டால், அவர்கள் தண்ணீருக்கு நடுவில் இருக்கும்போது நான் கையை விட்டவன் ஆவேன். புதன்கிழமை காலையில் லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில், தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடலுக்குப் போடுகிற பெரிய ஈயக்குண்டுகள் கேட்டேன். எந்தக் கடலுக்கு என்று கடைக்காரன் கேட்டான். எனக்குக் கிளாலி என்றுதான் வாயில் வந்தது. அவன் அப்படி ஒரு கடற்கரை இங்கிலாந்தில் எங்கே என்று யோசித்துக்கொண்டே பொதி கட்டினான்.

அன்று மூன்று மிளகு, காற்சட்டைப் பைகளில் இரண்டு கிலோ ஈயம். வியாழன் நாலு மிளகு, மூன்று கிலோ ஈயம். தராசு அறுபத்தொன்று காட்டியது. இசபெல் பதினாறு எண்ணிக்கையில் வளையத்தைத் தொட்டாள். எனக்கு ஏணியில் ஏறும்போது கண் இருண்டது. ஒவ்வொரு படியிலும் கோதையின் பெயரைச் சொன்னேன், நாற்பத்திரண்டு படி. மாலையில் வீட்டுக்குப் போனால் சபாரத்தினம் அண்ணை கதவைத் திறந்ததும் தலையை ஆட்டுவார், போன் வரவில்லை என்று.

"தம்பி, ஒரு வாய் பாலாவது குடியன்ரா. முருகன் என்ன கணக்குப் பாக்கிறவரே?"

"ஏலாது அண்ணை. அவளின்ர குரலைக் கேக்காமல் ஏலாது."

"ஆள் விழுந்து செத்தால் பிறகு ஆரின்ர குரலை நீ கேக்கிறது?"

அவருடைய மனைவி பாலாம்பிகை அக்கா குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பா. எனக்கு மணக்கக் கூடாதென்று அந்தக் கிழமை முழுக்கத் தாளிக்காமல் சமைத்தவ அவ.

வெள்ளிக்கிழமை உடுப்போடு ஒத்திகை. எனக்கும் ஒரு உடுப்பு வந்திருந்தது. கயிற்றுக்கு மறுநுனியில் ஒரு மனிதன் இறங்குவதைச் சனம் பார்க்க வேண்டும், ஒளிக்கத் தேவையில்லை என்று இரண்டு கம்பனிகளும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். ஒத்துப்போவதற்கு அவர்களுக்குக் கிடைத்த விஷயம் அது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒட்டின சாம்பல் நிற டைட்ஸ். அதில் ஒரு குண்டூசியைக்கூட மறைக்க முடியாது. வல்லிபுரத்தாரின் மகன் யோகராஜா அந்தக் கோலத்தில் நிற்பதை ஊரில் யாராவது கண்டிருந்தால் தலைமுறைக்கும் பேசிச் சிரித்திருப்பார்கள். எனக்கு வெட்கப்படக்கூட நேரமிருக்கவில்லை. தராசு எனக்கு முன்னால் இருந்தது.

ஐம்பத்தேழு.

பியற்றிஸ் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் நான் கழற்றிப்போட்ட காற்சட்டையைத் தூக்கினார். அதன் பாரத்தில் அவருடைய கை கீழே போனது. ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. இதில் ஒன்று பன்னிரண்டு மீட்டரிலிருந்து அவளுடைய தலையில் விழுந்தால் என்ன நடக்கும் என்று மெதுவாகக் கேட்டார். தானும் ஒருத்தன் மறைத்த ஒரு விஷயத்தால்தான் மேலேயிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதாகச் சொன்னார். எனக்கு நிலம் பிளந்து போனால் தேவலை என்றிருந்தது. தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி, பிள்ளை, படகு, மிளகு. சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், அந்த டைட்ஸோடு.

இசபெல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் கையை வைத்து, பாவாடையின் கொக்கிகளைக் கழற்றி, மேசையில் ஈயத்துக்குப் பக்கத்தில் போட்டாள்.

"நாலு கிலோ," என்றாள். "இப்போது திரும்ப நிறுங்கள்."

பாலே மாஸ்டர் ஓடிவந்து, பாவாடை இல்லாமல் நிலாப் பெண்ணா என்று கத்தினார். இசபெல் அவர் பக்கம் திரும்பி, பதினோரு வயதிலிருந்து நிறைக்காகப் பட்டினி கிடந்தவள் நான், பசியோடு ஒருத்தன் என் கயிற்றில் தொங்கினால் எனக்குத் தெரியாமலா போகும், மூன்று நாளாக எனக்குத் தெரியும் என்றாள். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. பாலேயில் அது கிழவி. இதுதான் அவளுடைய கடைசி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் பாவாடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பியற்றிஸ் கணக்குப் பார்த்தார். அவள் ஐம்பத்தொன்று, நான் ஐம்பத்தேழு. ஆறு கிலோ. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாவாடை இல்லாமல் போகலாம், ஆனால் திங்கட்கிழமை காலையில் தராசு அறுபத்தொன்று காட்ட வேண்டும் என்றார். காட்டினால் அன்றைக்கே கடிதத்தில் கையெழுத்து. இல்லாவிட்டால் மண்மூட்டை. சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போன் வந்தால் எந்த நேரமென்றாலும் என் கரவன் வண்டியிலிருக்கிற போனுக்கு எடுக்கச் சொல், நான் ஓடிவந்து சொல்கிறேன் என்றும் சொன்னார். அந்தக் காலோடு ஓடிவருவாராம். அவர் நல்ல மனுசி, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சனிக்கிழமை இரண்டரைக்கு முதல் ஆட்டம். விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போர். அன்று காலையும் தராசு ஐம்பத்தேழையே காட்டியது. நான் ஆறு மிளகை மென்று தண்ணீர் குடித்தேன். கூடாரம் நிறைந்த சனம், முக்கால்வாசியும் பிள்ளைகள். காலையிலிருந்து கரவனில் போன் அடிக்கவில்லை. இன்றைக்கு அடிக்கும், இன்றைக்கு அடிக்காமல் முருகன் என்ன முருகன் என்று சொல்லிக்கொண்டே நாற்பத்திரண்டு படியும் ஏறினேன். மேலே பலகையில் நின்று கயிற்றைக் கொளுவினேன். கீழே இசபெல் வெறும் பயிற்சி உடுப்போடு வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள். பாவாடை இல்லாததை ஒரு பிள்ளையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்போதுதான் வாசல் திரையை விலக்கிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஆள் தெரியாத தூரமில்லை. சபாரத்தினம் அண்ணையும் பாலாம்பிகை அக்காவும்.

அண்ணைக்குச் சனிக்கிழமை பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். காய்ச்சல் என்றாலும் போவார். அக்கா குளிருக்குப் பயந்து கடைக்கே போகாதவ. நல்ல செய்தி என்றால் போனில் வந்திருக்கும்; அண்ணை கத்துகிற கத்தலில் பியற்றிஸின் கரவன் ஆடியிருக்கும். எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள். ஆள் வரும். புருஷனும் பெண்சாதியுமாக வருவார்கள், விழுகிறவனைத் தாங்கிப் பிடிக்க ஒருவர், கூட இருந்து அழ ஒருவர். அக்காவின் கையில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று என்னையே ஏமாற்ற ஒரு விநாடி பார்த்தேன், முடியவில்லை. இந்தப் பலகையை விட்டு இறங்காமல் இருந்தால் அவர்களால் அதைச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். இங்கேயே நிற்கலாம். இரவாகட்டும், நாளையாகட்டும், சனம் வீட்டுக்குப் போகட்டும். அதுவரை தவநாயகி படகில் இருப்பாள், கோதை அவளுடைய மடியில் இருப்பாள். கீழே வயலின் ஐந்து, ஆறு என்று வந்தது. இசபெல் குதியைத் தூக்கி நுனிக்காலில் நின்று, கைகளை விரித்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய இடுப்பில் என் கயிறு.

எட்டு. நான் காலை வைத்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் தன் கெட்ட செய்திக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். கையைக் காலை உதறினால் கயிறு ஆடும், அவள் வளையத்தைத் தவறவிடுவாள். அதனால் உதறவில்லை, கத்தவில்லை. எட்டாவது எண்ணிக்கையில் நடுவழியில் அவள் என்னைக் கடந்து மேலே போனாள். என் முகத்தைக் கண்டதும் அவளுடைய வாய் திறந்தது. கையை மட்டும் அவள் குலைக்கவில்லை. பிள்ளைகள் ஆவென்று சத்தம் போட்டார்கள். பதினான்கு, பதினைந்து. கால் நிலத்தில் பட்டது. நிலத்து வளையத்தில் என்னைக் கொளுவினேன். இரண்டு தரம் இழுத்தேன். அவள் மேலே நிலாவுக்குள் ஏறி இருந்துகொண்டு, கொளுக்கியைக் கழற்றும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரைக்குப் பின்னால் அவர்கள் நின்றார்கள். சபாரத்தினம் அண்ணை என் தோளில் கையைப் போட்டு ஒரு பெட்டியில் இருத்தினார்.

"வா தம்பி. முதல்ல ஏதும் வாயில வை. அக்கா இடியப்பம் கொண்டந்திருக்கிறா."

"செய்தியைச் சொல்லுங்கோ அண்ணை."

"சாப்பிடு. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகு ஒருத்தனுக்குச் சோறு இறங்காது என்று முதலில் ஊட்டிவிட்டுச் சொல்வார்கள். நானும் ஊரில் அப்படி இரண்டு பேருக்கு ஊட்டியிருக்கிறேன். அக்கா பெட்டியைத் திறந்தா.

"ரெண்டு பேருமோ?" என்று கேட்டேன்.

அக்காதான் சொன்னா.

"பிள்ளை இருக்கிறாள் யோகன்."

பிறகு அண்ணை துண்டு துண்டாகச் சொன்னார். படகில் அளவுக்கு மேலே ஆட்கள். நடுவில் கவிழ்ந்துபோனது. தவநாயகிக்கு எண்ணெய் அடைக்கிற ஒரு வெறும் பிளாஸ்டிக் கான் அகப்பட்டிருக்கிறது. அது ஒரு ஆளைத்தான் தாங்கியது. பிள்ளையை அதில் ஏற்றிப் பிடிக்க வைத்துவிட்டு, பின்னால் வந்த படகு தூக்கும் வரை தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கியவர்கள் அவளைத் தேடியபோது ஆள் இல்லை. காலையில்தான் அவளுடைய அண்ணன் வவுனியாவிலிருந்து போன் எடுத்தாராம். கோதை அவரோடு இருக்கிறாள், ஒன்றும் பேசுகிறாள் இல்லையாம்.

"எப்ப நடந்தது?"

"புதன்கிழமை இரவு."

புதன்கிழமை நான் மூன்று மிளகு தின்ற நாள். வியாழன், வெள்ளி, சனி. தண்ணீருக்குள் போனவளுக்காக மூன்று நாள் பட்டினி கிடந்து, ஏணியில் தள்ளாடி, ஒரு அப்பாவிப் பெண்ணின் உயிரைக் கயிற்றில் வைத்து விளையாடியிருக்கிறேன். முருகா, உனக்கு வாயில்லையா, போதுமடா எழும்பிச் சாப்பிடு என்று ஒரு சொல் சொல்ல உனக்கு ஏலாதா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைக் கையால் குத்தினேன். அண்ணை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அழுதேனா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் சனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

பியற்றிஸ் நொண்டிக்கொண்டு வந்தார். வெளிச்சத்திலிருந்து வந்தவருக்கு எங்கள் முகங்கள் தெரியவில்லை போல. சிரித்துக்கொண்டே, பதினாறு எண்ணிக்கை, ஒரு மயிரிழை பிசகவில்லை என்றார். அக்காவின் கையில் சாப்பாட்டைக் கண்டதும் இன்னும் சந்தோஷப்பட்டார்.

"போன் வந்துவிட்டதா? நல்லது. நன்றாகச் சாப்பிடு ராஜா. திங்கட்கிழமை அறுபத்தொன்று, மறந்துவிடாதே."

அண்ணை அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். சொன்னால் வீட்டுக்குப் போ என்பார். ஏழு மணி ஆட்டத்துக்கு மண்மூட்டை ஏறும். மண்மூட்டை ஒழுங்காக இறங்கிவிட்டால் பிறகு என்னை ஏன் தேடப்போகிறார்கள்? பாவம் பார்த்து அவர் கடிதம் தரக்கூடும், தராமலும் போகக்கூடும். வவுனியாவில் ஒரு பிள்ளை பேச்சில்லாமல் இருக்கும்போது 'கூடும்' என்பதை நம்பி நான் இருக்க முடியாது. இன்றைக்கு இரவு, ஞாயிறு இரண்டு ஆட்டம், திங்கட்கிழமை தராசு. நாலு கிலோ. கடிதத்தில் இனி ஒரு பெயர் போதும்.

"ஓம்," என்று பியற்றிஸுக்குத் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

அக்கா இடியப்பத்தில் சொதியை ஊற்றி நீட்டினா. முதல் வாய் தொண்டையில் நின்றது. ஆறு நாள் காய்ந்த தொண்டை. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். திரும்பி வந்ததை வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளேயே வைத்திருந்தேன். இரண்டாவது வாய். மூன்றாவது. மூக்கால் ஒழுகியது எல்லாம் சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனது. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றா. பெட்டியின் அடி தெரிந்ததும் அதை அவவிடம் நீட்டினேன்.

"அக்கா, இன்னும் இருக்கோ?"